கரையும் நார்ச்சத்து எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: நார்ச்சத்து ரத்தத்தில் கலப்பதே இல்லையே, பிறகு எப்படி ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும்?

பதில்: வேலை நடப்பது குடலில். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. அவற்றுக்கு மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். கரையும் நார் தண்ணீரில் ஊறிக் கூழாகி, அந்த அமிலங்களில் ஒரு பங்கைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல், எல்டிஎல்லைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் படிய வேண்டியது அந்த அளவுக்குக் குறைகிறது.

கேள்வி: மூன்று மாதமாகக் கோதுமைத் தவிடும் இன்யுலின் என்ற நார்ச்சத்துப் பொடியும் சாப்பிடுகிறேன். எல்டிஎல் அசையவே இல்லையே?

பதில்: இரண்டாலும் அசையாதுங்க. தவிட்டு நார் பெரும்பாலும் கரையாதது, மலச்சிக்கலுக்குத்தான் உதவும். இன்யுலின் கரையும், ஆனால் கூழாகாது. நீங்களே பார்க்கலாம்: இரண்டு டம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்து, ஒன்றில் ஒரு ஸ்பூன் இசப்கோல் உமியையும் மற்றதில் ஒரு ஸ்பூன் இன்யுலினையும் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். இசப்கோல் கொழகொழவென்று கெட்டிப்பட்டு ஸ்பூனில் ஒட்டும். இன்யுலின் தண்ணீராகவே இருக்கும். அந்தக் கொழகொழப்புதான் வேலை செய்கிறது, டப்பாவில் எழுதியிருக்கும் பெயர் அல்ல.

கேள்வி: ஓட்ஸ் எவ்வளவு சாப்பிட வேண்டும்?

பதில்: ஓட்ஸில் உள்ள கரையும் நாரான பீட்டா குளுக்கான் தினம் 3 கிராம் கிடைக்கிற அளவு. 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பொட்டலங்களில் இதய நல வாசகத்தை அனுமதித்தபோது வைத்த கணக்கும் இதுவே. வேகவைக்காத ஓட்ஸில் எடையில் 4 சதவீதம்போல இருக்கும், ஆக 75 கிராம், இரண்டு வேளையாக. பார்லியிலும் இது உண்டு. எல்டிஎல் 5 சதவீதம்போல இறங்கும். ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: முதல் நாளே 10 கிராம் இசப்கோல் எடுத்தேன், வயிறு உப்பிவிட்டது. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பதில்: தொடக்கத்திலேயே அவ்வளவு வேண்டாம்மா. 3 கிராமில் ஆரம்பித்து வாரத்துக்கு 3 கிராம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது 240 மில்லி தண்ணீரில் கலந்து, கெட்டிப்படும் முன் குடித்துவிடுங்கள். உலர்ந்த உமியை வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் சுருக்கம் உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

கேள்வி: அப்பா கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறார். இதை ஆரம்பித்தால் அதை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. ஸ்டாட்டின் 30, 40 சதவீதம் குறைக்கும் இடத்தில் நார் ஒற்றை இலக்கத்தில்தான் குறைக்கும். ஆனால் சேர்ந்து நன்றாக வேலை செய்யும்: சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை 10 மில்லிகிராமோடு தினம் 15 கிராம் இசப்கோல் எடுத்தவர்களுக்கு, அதே மாத்திரை 20 மில்லிகிராமுக்கு நிகராக எல்டிஎல் இறங்கியது. இரண்டு மாதம் விடாமல் கொடுத்து, ரத்தப் பரிசோதனை எடுத்து, அந்த முடிவோடு அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள்.