குர்பான் விருந்துக்குத் தூக்குச்சட்டியோடு போங்கள்

கேள்வி: பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வேலை பார்க்கிறேன். மே 6, புனித ஜார்ஜ் திருநாளன்று தன் கிராமத்தில் நடக்கும் ‘குர்பான்’ விருந்துக்கு உடன் வேலை செய்பவர் கூப்பிட்டிருக்கிறார். நான் சைவம். போகலாமா? என்ன கொண்டுபோவது?

பதில்: தாராளமாகப் போகலாம். குர்பான் என்பது நேர்த்திக்கடன் சோறு. ஊர் நலமாக இருக்க ஆட்டை நேர்ந்து, பொதுவில் சமைத்து, வந்தவர் எல்லாருக்கும் கொடுப்பார்கள். அதற்கு விலை கிடையாது. கரண்டி பிடிப்பவரிடம் பணம் நீட்டிவிடாதீர்கள். ஏதாவது கொடுக்க நினைத்தால் தேவாலய உண்டியலில் போடுங்கள், மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றுங்கள். 2026 முதல் அங்கே யூரோதான், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தித் தட்டின் மேல் அடுக்கு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழே உள்ள மணல் இறந்தவர்களுக்கு. நண்பரின் நலத்துக்கென்று ஏற்றுவதைக் கீழே குத்திவிட்டால் பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். பூ வாங்கினாலும் ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படை துக்க வீட்டுக்கு.

காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். முற்றத்தில் பெரிய அண்டாக்களில் எலும்போடு கறி வெந்துகொண்டிருக்கும். வெங்காயமும் மிளகும் சேர்ந்து, கறி குழைந்த பிறகே அரிசி விழும். முன்னால் போட்டால் அடிப்பிடிக்கும். புதினா மணம் எழுந்தால் சமையல் முடிகிறது என்று அர்த்தம். ஆனாலும் பாதிரியார் வந்து, தூபம் காட்டி, அண்டாவை ஆசீர்வதிக்கும்வரை யாரும் வாய் வைப்பதில்லை. படம் எடுப்பதென்றால் அந்த நேரம் வேண்டாம். முன்போ பின்போ கேட்டுவிட்டு எடுங்கள்.

சைவத்துக்குத் தனி அண்டா இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குழம்பே கறிச்சாறு, துண்டுகளை ஒதுக்கிப் பயனில்லை. நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டு மேசையில் ரொட்டியும், தக்காளி, வெள்ளரி, வெண்பாலாடைக்கட்டி சேர்ந்த ஷோப்ஸ்கா சாலட்டும் கிடைக்கும். ஆனால் மூடியுள்ள சட்டி ஒன்றை அவசியம் எடுத்துப்போங்கள். ஊராரும் பாத்திரத்தோடுதான் வரிசையில் நிற்பார்கள். ‘ஸா ஸ்த்ராவே’ (நலமாக இருக்க) என்று ஊற்றுவதை இரு கையாலும் வாங்கி, ‘பிளகோதாரியா’ என்று நன்றி சொல்லி, நண்பர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அவர்கள் மனம் நோகும். வாங்கியதைக் கொட்டுவது அதைவிடத் தப்பு. இந்த ஆட்டின் எலும்பைக்கூடக் குப்பையில் போடாமல் புதைப்பது பழைய வழக்கம்.

பலரும் தடுமாறுவது தலையாட்டலில். பல்கேரியர்கள் மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’, பக்கவாட்டில் ஆட்டினால் ‘ஆம்’. ‘போதுமா?’ என்பதற்கு நீங்கள் மேலும் கீழும் ஆட்டினால் இன்னொரு கரண்டி விழும். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் சிலர் நம் வழக்கப்படி மாற்றி ஆட்டுவார்கள், குழப்பம் இரட்டிப்பாகும். வாயால் ‘தா’ (ஆம்), ‘நே’ (இல்லை) என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு ‘ஹோரோ’ ஆட்டம் தொடங்கும். கைகோத்த வரிசையின் தலைப்பில் நிற்பவர்தான் ஆட்டத்தை நடத்துகிறார், அவருக்கு முன்னால் போய் நுழையாதீர்கள். கடைசி ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் காலைப் பார்த்து வையுங்கள்.