கேளுங்க, சொல்றோம்: வயர்லெஸ் மவுஸ் ஸ்பெஷல்

மவுஸ் வாங்கறதுக்கு நாலு கடை ஏறி இறங்குறோம், நாலு ரிவ்யூ பாக்குறோம், ஆனா வீட்டுக்கு வந்ததும் டாங்கிளை (மவுஸோட வர்ற, யூஎஸ்பி போர்ட்ல போடற குட்டி ரிசீவர்) சொருகி கர்சர் நகருதான்னு பாத்துட்டு அதோட விட்டுடறோம். நாள் பூரா கை அது மேலதான் இருக்கு, அதை நம்ம கைக்கும் நம்ம வேலைக்கும் ஏத்த மாதிரி ஒரு அரை மணி நேரம் உக்காந்து மாத்திக்கிட்டா எவ்வளவோ சுலபம். இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய "வேற மவுஸ் வாங்கிடலாமா"ன்னுதான் முடியுது. வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுடுங்க.

சிவகாசியில டிடிபி சென்டர் வெச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் வேலைதான் அதிகம். தமிழ்ல அடிச்சுக்கிட்டே இருக்கும்போது நடுவுல மாப்பிள்ளை படிப்பு, கம்பெனி பேரு, மெயில் ஐடின்னு இங்கிலீஷ் வரும், ஒவ்வொரு தடவையும் கீபோர்டை மாத்தி மாத்தி கை ஓஞ்சு போகுது. புது வயர்லெஸ் மவுஸ்ல சைடுல ரெண்டு பட்டன் இருக்கு, இதுக்கு அதை பயன்படுத்த முடியுமா? - சிவகாசி வாசகர்

தாராளமா முடியும், சைடு பட்டனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாதுன்னே சொல்லுவேன். அந்த ரெண்டு பட்டனும் கம்பெனியில இருந்து வரும்போது பிரவுசர்ல முன்பக்கம் பின்பக்கம் போறதுக்குன்னு செட் ஆகி வருது, டிடிபி வேலையில அதுக்கு உபயோகமே இல்ல.

முதல்ல விண்டோஸ்ல இருக்கற மொழி லிஸ்ட்டை சுத்தம் பண்ணுங்க. விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினா கீபோர்டு மாறும், ஆனா லிஸ்ட்ல இங்கிலீஷ் இந்தியா, இங்கிலீஷ் யூஎஸ், தமிழ் 99, தமிழ் போனெட்டிக்னு நாலு இருந்தா ஒரு தடவை அழுத்தினா எது வரும்னே தெரியாது, எண்ணி எண்ணி அழுத்தணும். நீங்க அடிக்கிற ஒரு தமிழ் கீபோர்டு, ஒரு இங்கிலீஷ் கீபோர்டு, இந்த ரெண்டை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடுங்க. அப்பதான் ஒரு அழுத்து தமிழ், அடுத்த அழுத்து இங்கிலீஷ்னு சுத்தமா மாறும்.

அடுத்து பட்டன். லாஜிடெக் மவுஸா இருந்து அவங்க ஆப்ஷன்ஸ் பிளஸ் சாஃப்ட்வேர் அந்த மாடலுக்கு வேலை செஞ்சா, அதுல சைடு பட்டனை தேர்ந்தெடுத்து கீபோர்டு ஷார்ட்கட்னு வெச்சு விண்டோஸ் கீ, ஸ்பேஸ் பார் ரெண்டையும் பதிஞ்சா போதும். வேற கம்பெனி மவுஸ், கூட சாஃப்ட்வேர் எதுவும் வரலன்னா எக்ஸ்-மவுஸ் பட்டன் கன்ட்ரோல்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, விண்டோஸுக்கு மட்டும்தான், காசு கிடையாது, எந்தக் கம்பெனி மவுஸுக்கும் ஒத்துக்கும். அதுல நாலாவது பட்டன் அஞ்சாவது பட்டன்னு காட்டறதுதான் உங்க சைடு பட்டன், அங்க சிமுலேட்டட் கீஸ்ங்கறதை எடுத்து கீயை எழுதிக் கொடுக்கணும். என்ஹெச்எம் ரைட்டர், அழகி மாதிரி சாஃப்ட்வேர்ல அடிக்கிறீங்கன்னா அதுல தமிழுக்கு மாத்த நீங்க வெச்சிருக்கற ஷார்ட்கட் எதுவோ அதையே பட்டனுக்கு கொடுத்துடுங்க.

ஒரு விஷயம், உங்க ஊர்ல இன்னும் யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்ல அடிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அவங்களுக்கு கீபோர்டு மாறினா மட்டும் பத்தாது, ஃபான்ட்டும் சேர்ந்து மாறணும். இன்டிசைன்ல (பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்) வேலை செய்றீங்கன்னா இங்கிலீஷ் ஃபான்ட்டுக்கு ஒரு கேரக்டர் ஸ்டைல் (எழுத்துக்கான செட்டிங்) போட்டு, அந்த ஸ்டைலுக்கு கன்ட்ரோலோட நம்பர் பேடுல ஒரு எண்ணை ஷார்ட்கட்டா வெச்சு (நம் லாக் ஆன்ல இருக்கணும்), அதை ரெண்டாவது சைடு பட்டனுக்கு கொடுத்துப் பாருங்க. பேரை செலக்ட் பண்ணி கட்டைவிரலால ஒரு அழுத்து, ஃபான்ட் மாறிடும்.

இந்த செட்டிங் எல்லாம் அந்த கம்ப்யூட்டர்லதான் இருக்கும், மவுஸுக்குள்ள இல்ல. மவுஸை கழட்டி வீட்டு லேப்டாப்ல போட்டா பழையபடி பிரவுசர் பட்டனாத்தான் வேலை செய்யும். மவுஸுக்குள்ளயே மெமரி இருக்கற மாடலும் உண்டு, பெரும்பாலும் கேமிங் மவுஸ்ல வரும், ரெண்டு மூணு கம்ப்யூட்டர்ல மாறி மாறி வேலை பாக்குறவங்க அதைக் கேட்டு வாங்கலாம்.

கம்ப்யூட்டர்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போட்டு போட்டோ காப்பி பண்ணும்போது மட்டும் மவுஸ் திக்கித் திக்கி நகருது, காப்பி முடிஞ்சதும் சரியாயிடுது. பேட்டரி புதுசு, மவுஸும் புதுசு. கடைக்காரர் மவுஸை மாத்தித் தரேன்னு சொல்றார், மாத்திக்கலாமா? - சேலம் வாசகி

மாத்த வேண்டாம்ங்க, மாத்தினாலும் இதே கதைதான். டாங்கிள் வெச்ச மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையிலதான் பேசுது. உங்க ஹார்ட் டிஸ்க் அநேகமா யூஎஸ்பி 3.0 (பழைய 2.0-ஐ விட வேகமான வகை), அது டேட்டா அனுப்புற வேகத்துல அந்த ஒயர்லயும் கனெக்டர்லயும் இருந்து கிளம்புற மின் இரைச்சல் சரியா இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் விழுது. பக்கத்து போர்ட்லயே டாங்கிள் இருந்தா மவுஸ் அனுப்புற சின்ன சிக்னல் அந்த இரைச்சல்ல காணாம போயிடும், கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்கு கீழ நின்னு போன் பேசற மாதிரி. இன்டெல் கம்பெனியே 2012-ல இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டு ரிசீவரை யூஎஸ்பி 3.0 போர்ட், ஒயர்ல இருந்து தள்ளி வைக்கறது எவ்வளவு முக்கியம்னு அளந்தே காட்டியிருக்காங்க, ஆனா மவுஸ் பாக்ஸ்ல யாரும் இதை எழுதறதில்ல, அதுதான் எனக்கு வருத்தம்.

செய்ய வேண்டியது சுலபம். ஹார்ட் டிஸ்க் பின்னாடி போர்ட்லன்னா டாங்கிளை முன்பக்கம் போடுங்க, முன்னாடின்னா பின்பக்கம் போடுங்க. போர்ட்டுக்குள்ள நீலக் கலர் பிளாஸ்டிக் இருந்தா பெரும்பாலும் அது 3.0, கறுப்போ வெள்ளையோ இருந்தா பழைய 2.0, மவுஸுக்கு 2.0 தாராளம், நீலத்தை ஹார்ட் டிஸ்குக்கு விட்டுடுங்க. (லேப்டாப்ல இந்தக் கலரை நம்ப முடியாது, எல்லாமே கறுப்பா இருக்கும்.) அப்பவும் திக்கினா ஒரு குட்டி யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை டேபிள் மேல மவுஸ் பக்கத்துல கொண்டு வந்து வெச்சுடுங்க, இதுல சரியாகாத கேஸ் ரொம்ப கம்மி. சிபியூ டேபிளுக்கு அடியில இரும்பு பெட்டிக்கு பின்னாடி இருக்கறவங்க எல்லாருக்குமே இந்த கேபிளை சொல்லுவேன்.

மவுஸ்ல 800, 1600, 3200 டிபிஐ-ன்னு பட்டன் இருக்கு. அதிகமா வெச்சா நல்லதா? - கோவை கல்லூரி மாணவர்

அதிகம்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல தம்பி. மவுஸை ஒரு இஞ்ச் நகர்த்தினா அது எத்தனை எண்ணிக்கை கம்ப்யூட்டருக்கு அனுப்புதுங்கறதுதான் டிபிஐ. விண்டோஸ்ல பாயின்ட்டர் ஸ்பீடு நடு அளவுல இருந்து, என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்ங்கற டிக்கை எடுத்துட்டா ஒரு எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் நகரும். அப்ப 1920 பிக்சல் அகலம் இருக்கற ஃபுல் ஹெச்டி ஸ்கிரீனை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் கடக்க 800-ல 2.4 இஞ்ச், 1600-ல 1.2 இஞ்ச், 3200-ல வெறும் 0.6 இஞ்ச் கை நகர்ந்தா போதும். 3200-ல ஒரு சின்ன ஐகானை கிளிக் பண்றதே கஷ்டமாயிடும். சாதாரண ஸ்கிரீனுக்கு 800-க்கும் 1600-க்கும் நடுவுல ஏதாவது வெச்சுக்கோங்க, 4கே ஸ்கிரீன்னா ஏத்திக்கலாம்.

அந்த டிக் இருக்கே, அதை ஆன்ல வெச்சா வேகமா தள்ளினா கர்சர் அதிக தூரம் ஓடும், மெதுவா தள்ளினா கம்மி தூரம். ஆபீஸ் வேலைக்கு பழகிட்டா பரவால்ல, கேம் ஆடவும் படம் வரையவும் கட்டாயம் எடுத்துடுங்க, அப்பதான் கைக்கு தூரம் மனப்பாடம் ஆகும்.

எங்க அப்பாவுக்கு 70 தாண்டிடுச்சு, கை லேசா நடுங்கும். பேரப்பிள்ளைகள் போட்டோ பாக்க, பென்ஷன் விஷயம் பாக்கன்னு கம்ப்யூட்டரை ஆசையா தொடறார், ஆனா டபுள் கிளிக் விழ மாட்டேங்குது, ஒரு ஃபைலை இழுக்கப் போனா பாதி வழியில விட்டுடறார், கர்சர் எங்க இருக்குன்னே தெரியலம்மாங்கறார். இப்பல்லாம் எனக்கு வேண்டாம்னு எழுந்து போயிடறார். முதியவங்களுக்குன்னு தனி மவுஸ் இருக்கா? - கும்பகோணம் வாசகி

தனி மவுஸ் தேட வேண்டாம்மா, நீங்க சொன்ன மூணு கஷ்டத்துக்கும் விண்டோஸுக்குள்ளயே மருந்து இருக்கு. அவர் இல்லாத நேரத்துல நீங்க உக்காந்து இதையெல்லாம் செஞ்சு வெச்சுடுங்க.

டபுள் கிளிக்கை மொத்தமா எடுத்துடலாம். ஸ்டார்ட் மெனுல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸ்னு தேடி திறந்தா, சிங்கிள் கிளிக் டு ஓபன் அன் ஐட்டம்னு ஒண்ணு இருக்கும், அதை தேர்ந்தெடுத்துட்டா ஒரே கிளிக்ல போட்டோ திறக்கும். பழக்கத்துல ரெண்டு தடவை தட்டினா சில நேரம் ரெண்டு தடவை திறக்கும், ஒரு தடவை தட்டினா போதும்ப்பான்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுங்க. அதுவும் சரியா வரலன்னா டபுள் கிளிக் ஸ்பீடை குறைச்சு வைக்கிற வழி இருக்கு, ரெண்டு தட்டுக்கும் நடுவுல நேரம் அதிகமா கிடைக்கும்.

இழுக்கறதுக்கு கிளிக்லாக். செட்டிங்ஸ்ல ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதுக்குள்ள மவுஸ், அதுல அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ் போனா பழைய காலத்து சின்ன விண்டோ ஒண்ணு வரும், முதல் பக்கத்துலயே இருக்கு, டபுள் கிளிக் ஸ்பீடும் அங்கதான். கிளிக்லாக்கை ஆன் பண்ணிட்டா ஃபைல் மேல பட்டனை ஒரு நொடி அழுத்தி விட்டுட வேண்டியதுதான், கம்ப்யூட்டரே பிடிச்சு வெச்சுக்கும், விரலை எடுத்துட்டு நிதானமா மவுஸை நகர்த்தி சேர வேண்டிய இடத்துல மறுபடி ஒரு கிளிக் பண்ணினா விட்டுடும். எவ்வளவு நேரம் அழுத்தணும்ங்கறதையும் பக்கத்துலயே கூட்டிக் குறைக்கலாம். ரொம்ப வருஷமா விண்டோஸ்ல இருக்கற வசதி இது, வீட்ல பெரியவங்க இருக்கற எல்லாருக்கும் தெரியணும்னு எனக்கு ஆசை.

கர்சருக்கு செட்டிங்ஸ்ல ஆக்செசிபிலிட்டி, மவுஸ் பாயின்ட்டர் அண்ட் டச். அங்க சைஸை பெருசாக்கி வெள்ளைக்கு பதிலா நல்ல பளிச்சுன்னு ஒரு கலர் கொடுங்க, எந்தக் கலர் கண்ணுக்கு தெரியுதுன்னு அவரையே கேளுங்க. முன்னாடி சொன்ன அதே சின்ன விண்டோல பாயின்ட்டர் ஆப்ஷன்ஸ் பக்கத்துல கடைசியா கன்ட்ரோல் கீ அழுத்தினா கர்சர் இருக்கற இடத்தை காட்டுன்னு ஒரு டிக் இருக்கும், போட்டுட்டா கர்சர் காணாம போறப்ப கன்ட்ரோலை தட்டினா அதைச் சுத்தி வட்டம் வரும். பாயின்ட்டர் ஸ்பீடையும் ரெண்டு படி குறைச்சுடுங்க, கை நடுங்கினா கர்சர் அவ்வளவா ஆடாது.

மவுஸும் கை நிறைய பிடிக்கிற சைஸ்ல இருக்கட்டும். லேப்டாப் பையில போடறதுக்குன்னு வர்ற தட்டையான குட்டி மவுஸ் இவங்களுக்கு ஆகாது.

டாங்கிள் தொலைஞ்சு போச்சு, அது மட்டும் தனியா கிடைக்குமா? - திருநெல்வேலி வாசகர்

மவுஸைத் திருப்பிப் பாருங்க. லாஜிடெக்கா இருந்து ஆரஞ்சு கலர்ல சூரியன் மாதிரி ஒரு குறி இருந்தா யூனிஃபையிங், 2009-ல வந்தது, மின்னல் மாதிரி குறின்னா போல்ட், 2021-ல வந்தது. இது ரெண்டுக்கும் டாங்கிள் தனியா கிடைக்கும், ஒரே டாங்கிள்ல ஆறு கருவி வரைக்கும் சேர்க்கலாம், ஆனா யூனிஃபையிங் டாங்கிள்ல போல்ட் மவுஸ் சேராது, குறியை பாத்து வாங்குங்க. குறி எதுவுமே இல்லாத விலை குறைஞ்ச மவுஸ்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலயே அந்த ஒரு டாங்கிளோட ஜோடி சேர்த்து அனுப்பறது, புதுசு வாங்கறதுதான் வழி. அதுக்கு முன்னாடி பேட்டரி மூடியைத் திறந்து பாத்துட்டீங்களா? டாங்கிளை வைக்கறதுக்குன்னே பல மவுஸ்ல அங்க ஒரு பள்ளம் இருக்கும்.

லேப்டாப்ல விண்டோஸும் உபுண்டுவும் (லினக்ஸ்ல ஒரு வகை) வெச்சிருக்கேன். ப்ளூடூத் மவுஸை ஒண்ணுல பேர் (pair) பண்ணினா, அதாவது ஜோடி சேர்த்தா, அடுத்ததுல அறுந்து போகுது, தினமும் மறுபடி மறுபடி பேர் பண்றேன். - புதுச்சேரி வாசகர்

பேர் பண்ணும்போது மவுஸும் லேப்டாப்பும் ஒரு ரகசிய சாவியை பரிமாறிக்கிட்டு ஆளுக்கொரு பிரதி வெச்சுக்குது. மவுஸுக்கு உங்க லேப்டாப் ஒரே ஒரு லேப்டாப்தான், உள்ள ரெண்டு சிஸ்டம் இருக்கறது அதுக்கு தெரியாது. உபுண்டுல புதுசா பேர் பண்ணினதும் சாவி மாறிடுது, விண்டோஸ்கிட்ட பழைய சாவி, அதான் திறக்க மாட்டேங்குது. அடியில 1, 2, 3-ன்னு மாத்தற பட்டன் இருக்கற மவுஸா இருந்தா விண்டோஸை 1-லயும் உபுண்டுவை 2-லயும் பேர் பண்ணிப் பாருங்க, லாஜிடெக் மாதிரி மவுஸ்ல ஒவ்வொரு எண்ணுக்கும் தனி முகவரி போகறதால பிரச்சினை தீர்ந்துடும். அந்தப் பட்டன் இல்லன்னா டாங்கிள் வெச்ச மவுஸ்தான் உங்களுக்கு லாயக்கு, சாவி டாங்கிளுக்குள்ளயே இருக்கு, எந்த சிஸ்டம் ஓடினாலும் அதுக்கு கவலை இல்ல, விண்டோஸோ உபுண்டுவோ வர்றதுக்கு முன்னாடி இருக்கற பயாஸ் செட்டிங் ஸ்கிரீன்ல கூட வேலை செய்யும். உபுண்டுல லாஜிடெக் மவுஸை செட் பண்ண சோலார்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதையும் போட்டு வெச்சுக்கோங்க.

ரீசார்ஜ் செல் போட்டா ஃபுல் சார்ஜ்லயும் பேட்டரி பாதின்னே காட்டுது. செல் போலியா? - தஞ்சாவூர் வாசகர்

செல் நல்லாத்தான் இருக்கு. சாதாரண ஆல்கலைன் செல் புதுசுல 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், வோல்ட்டை வெச்சு கணக்கு போடற மவுஸ் அதை பாதி தீந்த ஆல்கலைன்னு நினைச்சுக்குது. அந்த சதவீதத்தை கண்டுக்காம ஓட்டுங்க, ஆனா இதுல ரொம்ப முன்னாடியே எச்சரிக்கை வராது, கடைசியில சட்டுன்னு விழும், அதனால சார்ஜ் பண்ணின இன்னொரு செல்லை டிராயர்ல போட்டு வெச்சுடுங்க.