கராஜில் வெள்ளம் புகுந்த பின் அஞ்சல்தலைக் கடையைத் தொடர்ந்து நடத்துவது எப்படி?

கேள்வி: டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோவில், என் வீட்டு கராஜிலிருந்து பதினோரு ஆண்டுகளாகத் தபால் வழியாக அஞ்சல்தலைகள் விற்று வருகிறேன். நேற்றிரவு பெய்த மழையில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டுகளில் இருந்த ஆல்பங்களும் உறைகளும் சேற்றில் ஊறிவிட்டன. பணம் வாங்கியும் இன்னும் அனுப்பாத ஆர்டர்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒரு பெரியவர் விற்றுத் தரும்படி ஒப்படைத்த சேகரிப்பும் நனைந்துவிட்டது. வீட்டுக்குக் காப்பீடு உண்டு. கடையை மூடிவிடலாமா என்று மனைவி கேட்கிறார். தங்கள் ஆலோசனை என்ன?

பதில்: அவசரமானதை அன்றே கைபேசியில் சொல்லிவிட்டேன், இதே நிலையில் இருக்கும் பிறருக்கும் உதவும் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். மூடுவதா வேண்டாமா என்பதை இந்த மாதம் முடிவு செய்ய வேண்டாம். சரக்கில் ஒரு பகுதி போயிருக்கிறது; ஆனால் பொருளை நேரில் பார்க்காமலே முன்பணம் அனுப்பும் வாடிக்கையாளர்கள் அப்படியே இருக்கிறார்கள், அவர்கள் கலையாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

சேற்றைக் கழுவும் முன்பே, சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கறை உட்பட ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்துவிடுங்கள். ஈரத் தாளில் பூஞ்சை பிடிக்க ஏறக்குறைய 48 மணி நேரம் போதும். அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாது என்பதால், ஆல்பங்களைத் திறந்து பார்க்க முயலாமல் பிளாஸ்டிக் பைகளில் இட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உங்கள் பகுதியில் மின்சாரம் இல்லையென்றால் மேட்டுப் பகுதியில் வசிக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உறைநிலை பூஞ்சையைக் கொல்லாது, வளராமல் நிறுத்தி வைக்கும். அந்த அவகாசமே நமக்குத் தேவை. பின்னர் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே உலர்த்தலாம். ஹேர் டிரையரைத் தொடவே வேண்டாம்.

அஞ்சல் முத்திரை குத்திய பழைய தலைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உறைத் தாளிலிருந்து பிரிக்க அவற்றை நாமே தண்ணீரில் ஊறப்போடுகிறோம் அல்லவா? நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தினால் பெரும்பாலானவை தேறிவிடும். நீரில் கரையும் மையால் அச்சிட்ட சில காலனிக் காலத் தலைகளை மட்டும் விலக்கி வையுங்கள். பயன்படுத்தாத, பின்புறப் பசை மாறாத ‘மின்ட்’ தலைகளில்தான் இழப்பு; பசை கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியவற்றை இழுத்துப் பிரிக்காதீர்கள். அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டால் 1857-இல் வெளியிட்ட முதல் தலைகளில் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அவை மையால் அச்சிடப்பட்டவை அல்ல, நிறத்தாளில் புடைப்பாக அழுத்தப்பட்டவை என்பதை மறவாதீர்கள். எடை வைத்து உலர்த்தினால் அந்தப் புடைப்பே தட்டையாகிவிடும்.

ஆல்பங்கள் ஃப்ரீசரில் இருக்கும்போதே ஆர்டர்களைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, இணையம் அல்லது மின்னஞ்சல் வழியாக வந்த ஆர்டரை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் வாங்கியவர் ஏழு நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். பொருளே இல்லையென்றால் உடனே அதைத் தெரிவித்து, தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே நாற்பது பேருக்கும் ஒரே கடிதம் போதாது. உலர்ந்த தட்டில் பொருள் இருப்பவருக்கு அனுப்பும் தேதியையும், நனைந்துபோனவருக்குப் பணம் திரும்பும் தேதியையும் தனித்தனியே எழுதுங்கள். காத்திருக்கச் சம்மதிப்பவரிடம் அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாத பொருளுக்குப் புதிய பணம் வாங்கிப் பழைய பணத்தை அடைக்கும் ஆசை வரும், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பெரியவரிடம் நேரில் போய், என்ன நனைந்தது என்ற பட்டியலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வீட்டுக் காப்பீடு வீட்டில் வைத்திருக்கும் வணிகச் சரக்கைப் பெரும்பாலும் விலக்கிவிடும் அல்லது சிறு தொகையோடு நிறுத்திவிடும். பிறர் ஒப்படைத்த பொருளும் பத்திரத்தில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் பொதுவாகச் சேரும். இருந்தாலும், சேராது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளாமல் உடனே தகவல் கொடுங்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு சாஸ்ரியா என்ற அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டவர்களில் சிலர் அது வெள்ளத்துக்கும் கைகொடுக்கும் என்று என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். அது கலவரம், வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கானது. சரக்குக்குக் காப்பீடு இருந்தாலும் குறைத்து மதிப்பிட்டிருந்தால் அடி விழும்: நான்கு லட்சம் ராண்ட் சரக்கை இரண்டு லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்து, ஒரு லட்சம் நாசமானால், விகிதாசார விதிப்படி கைக்கு வருவது ஐம்பதாயிரம்தான், அதிலும் இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய சொந்தப் பங்கு கழியும். வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவு பெற்றவராக இருந்தால், சரக்குக்காக வரும் இழப்பீட்டில் 115-க்கு 15 வீதம் வருவாய்த் துறைக்குச் சேர வேண்டியது. வந்த தொகை முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள்.

2022 ஏப்ரலில், சித்திரைப் பிறப்புக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பு பெய்த பெருமழையில், டர்பன் அமைந்த குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. இசிபிங்கோவின் தாழ்வான தெருக்களில் இது மறுபடியும் நடக்கும் என்றே கணக்கிடுங்கள். கீழ்த்தட்டில் காலி உறைகளையும் அட்டைப் பெட்டிகளையும் வையுங்கள். மின்ட் சரக்கு மேல்தட்டுக்குப் போகட்டும். வாடிக்கையாளர் பட்டியலின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அஞ்சல் துறை 2023-இல் வணிக மீட்பு நடவடிக்கைக்கு (கடனில் மூழ்கிய நிறுவனத்தை மூடாமல் காப்பாற்றும் ஏற்பாடு) உள்ளானதால், விலையுயர்ந்த பொட்டலங்களுக்கு கூரியரையும் பழக்கிக்கொள்வது நல்லது.

அலசி உலர்த்திய முத்திரைத் தலைகளைக் கலவைப் பொட்டலங்களாகக் கட்டினால், இரண்டு மூன்று வாரங்களில் சிறிய அளவிலாவது விற்பனை தொடங்கிவிடலாம். பசை போன மின்ட் தலைகளையும் குறைந்த விலைக்கு வாங்குவோர் உண்டு; ‘வெள்ளத்தில் நனைந்தது, பசை இல்லை’ என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அவற்றுக்குப் புதுப் பசை தடவித் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறைத்து விற்றால் சேகரிப்பாளர்கள் அதை மோசடியாகவே கொள்வார்கள்.