முக்கோணக் குறி இருந்தும் ஏன் எடுக்காமல் போனார்கள்?

கேள்வி: மறுசுழற்சிப் பெட்டியில் முக்கோணக் குறி உள்ள பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும்தான் போடுகிறேன். சிதறாமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைக்கிறேன். போன வாரம் வாசலுக்கு வந்த வண்டிக்காரர்கள் பெட்டியை எடுக்காமல், 'கலப்படம்' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே தவறினேன்? மூடியைக் கழற்ற வேண்டுமா, லேபிளைக் கிழிக்க வேண்டுமா?

பதில்: அக்கறையோடு செய்த இரண்டு காரியங்களே உங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கின்றன. ஒன்று, அந்தப் பை. மற்றொன்று, முக்கோணத்தின் மேல் நீங்கள் வைத்த நம்பிக்கை.

பையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பெட்டியில் உள்ளது போய்ச் சேரும் தரம் பிரிக்கும் ஆலையில், வரிசையாகச் சுழலும் தட்டுகளின் மேல் பொருள்கள் ஓடும். தட்டையான அட்டையும் காகிதமும் மேலே மிதந்தபடி போக, உருண்டையான பாட்டில்களும் டப்பாக்களும் வேறு பக்கம் உருண்டு விழும். மெல்லிய பிளாஸ்டிக் பை அந்தச் சுழலும் தண்டுகளில் தலைமுடிபோலச் சுற்றிக்கொள்ளும். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். ஆபத்தான வேலை அது. கட்டிய பைக்குள் என்ன இருக்கிறது என்பதும் வெளியிலிருந்து தெரியாது. அதனால் பல இடங்களில் பிரித்துக்கூடப் பார்க்காமல் முழுப் பையையும் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். பொருள்களை உதிரியாகவே போடுங்கள். தோட்டத்து ஹோஸ், துணி, கயிறு, வயர் எல்லாம் அதே மாதிரி சுற்றிக்கொள்ளும் சாமான்கள்தான்.

இனி முக்கோணம். அதற்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண், அது என்ன வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும் சொல்கிறது. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறையினர் வகை பிரிக்கும் வசதிக்காக அறிமுகப்படுத்திய எண் முறை இது. 'இதை மறுசுழற்சி செய்வோம்' என்ற உறுதிமொழி அதில் இல்லை. அம்புகள் சுற்றிவரும் முக்கோணம் அப்படி ஒரு எண்ணத்தைத் தருவதால்தான், 2013-இல் இந்த எண் முறைக்கான தர விதியில் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

நடைமுறையில் 1 (பெட்), 2 (ஹெச்.டி.பி.இ.) வகை பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் வாங்குவோர் அதிகம். 5 (பாலிபுரொப்பிலீன்) சில இடங்களில் போகும். 3, 6, 7 பெரும்பாலும் போகாது. 6-இல்தான் தெர்மோகோல் வருகிறது. கறுப்பு பிளாஸ்டிக் தட்டுகளில் இன்னொரு சிக்கல். பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்புக் கதிரை அவற்றில் கலந்திருக்கும் கரி விழுங்கிவிடுவதால், பல இயந்திரங்களின் கண்ணுக்கு அவை தெரிவதே இல்லை. எண்ணைப் பார்ப்பதற்கு முன், உங்கள் பகுதியில் வண்டி அனுப்புபவர்கள் தரும் பட்டியலைப் பாருங்கள். அதுதான் கடைசிச் சொல்.

மூடியைக் கழற்ற வேண்டாம். பாட்டிலைக் காலி செய்து, மூடியைத் திருகியே போடுங்கள். தனியாகப் போட்டால் சிறிய மூடி சல்லடை வழியே நழுவிக் குப்பையோடு போய்விடும். பாட்டிலோடு சேர்ந்து போனால், துண்டாக்கிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும், தானாகப் பிரிந்துவிடும். (உங்கள் பட்டியல் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள்.) காகித லேபிளைக் கிழிக்க நேரம் செலவிட வேண்டாம், கழுவும்போதே போய்விடும். பாட்டில் முழுவதையும் மூடிய பிளாஸ்டிக் உறை இருந்தால் மட்டும் உரித்துவிடுங்கள். இயந்திரம் உறையைத்தான் படிக்கும், உள்ளிருக்கும் பாட்டிலை அல்ல.

கழுவுவதற்குச் சோப்பு தேவையில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே ஒரு அலசு, பிறகு கவிழ்த்து உலரவிட்டால் போதும். உலர்த்துவதை நான் வலியுறுத்துவது காகிதத்துக்காக. ஒரு பாட்டிலில் மிச்சமிருக்கும் திரவம் வண்டிக்குள் நசுங்கிக் கொட்டினால் அக்கம்பக்கத்து வீடுகளின் காகிதமும் சேர்ந்து வீணாகிறது. எண்ணெய் ஊறிய அட்டையும் அப்படித்தான். கூழாக்கும்போது எண்ணெய் நாரை விட்டுப் போகாது. அட்டையின் சுத்தமான பாதியைக் கிழித்துப் போட்டால் அந்தப் பாதியாவது பிழைக்கும். கடை பில் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் ரசாயனத் தாள், அதைச் சேர்க்க வேண்டாம். காகிதக் கோப்பைக்கு உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு, பெரும்பாலான ஆலைகள் எடுப்பதில்லை.

அலுமினிய கேனை மட்டும் ஒருபோதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட, உருக்கி மீண்டும் செய்ய ஏறக்குறைய 95 சதவீதம் குறைந்த ஆற்றலே ஆகும். எல்லாம் ஒரே பெட்டியில் போகும் ஊர் என்றால் கேனைத் தட்டையாக நசுக்க வேண்டாம், காகிதம் என்று நினைத்து இயந்திரம் அந்தப் பக்கம் தள்ளிவிடும். கண்ணாடியில் பாட்டிலும் ஜாடியும் சரி. அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், பீங்கான் கூடாது. அவை அதே சூட்டில் உருகாமல் கட்டியாக நின்று புதுப் பாட்டிலைப் பலவீனமாக்கும்.

ஒன்று மட்டும் உயிர் தொடர்பானது: பேட்டரி. போன், பொம்மை, மின் சிகரெட் எதிலிருந்து வந்தாலும், லித்தியம் பேட்டரி வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். சுற்றிலும் காய்ந்த காகிதம். அதன் முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் மையத்தில் நேரில் கொடுங்கள். அடுத்த முறை பெட்டியை வாசலில் வைக்கும் முன், அடியில் அப்படி ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.