விபத்தில் பலமாக அடிபட்ட காரைச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா?

ரிப்பேர் செலவு காரின் மதிப்பில் பாதியைத் தாண்டுகிறது, இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' (சரிசெய்ய வேண்டாம், காரின் மதிப்பைப் பணமாகத் தருகிறோம்) என்கிறது, ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எஸ்டிமேட் தொகையையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அடி எதுவரை உள்ளே போனது என்பதுதான் முதலில் தெரியவேண்டும்.

பம்பர், பானெட், ஃபெண்டர், கதவு, ஹெட்லைட், ரேடியேட்டர், ஏசி கண்டன்சர் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். பில் எகிறும், ஆனால் புதியதைப் போட்டால் கார் பழையபடி ஆகிவிடும். பயப்படவேண்டியது பாடியோடு வெல்ட் செய்த பாகங்களுக்கு: முன்பக்கம் இரு ஓரமும் ஓடும் ரெயில் என்ற எஃகுச் சட்டம், ஸ்ட்ரட் (முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பர்) உட்காரும் டவர், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால், கூரையைத் தாங்கும் பில்லர்கள், கதவுக்குக் கீழுள்ள ராக்கர். பெரும்பாலான கார்களில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். ரெயிலின் முன்நுனி மடங்கியிருந்தால் தயாரிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில் வெட்டி, புதுத் துண்டை வெல்ட் செய்யலாம். ஃபயர்வாலோ நடு பில்லரோ நகர்ந்திருந்தால், என்னைக் கேட்டால், கொடுத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். புதிய கார்களின் பில்லர்களில் பல இடங்களில் போரான் கலந்த எஃகு இருக்கும். வலு சுமார் 1500 மெகாபாஸ்கல், சாதாரணத் தகட்டைப்போலப் பல மடங்கு. சூடாக்கி அச்சில் அழுத்தி வேகமாகக் குளிரவைப்பதால் வரும் வலு அது. டிங்கர் கேஸ் டார்ச்சால் காய்ச்சி நிமிர்த்தினால் அந்த வலு போய்விடும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தபின் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அடுத்த மோதலில்தான் தெரியும்.

ஆகவே பிரிக்காமல் போட்ட எஸ்டிமேட்டை நம்பவேண்டாம். பம்பரையும் அதன் பின்னுள்ள பீமையும் கழற்றச் சொல்லி, ரெயிலில் சுருக்கம், விரிந்த தையல் (தகடுகள் சேரும் இடம்), உரிந்த சீலர் (அந்த இணைப்பில் பூசிய பசை) இருக்கிறதா பாருங்கள். பிறகு அடிப்பாகத்தின் மூலைவிட்ட அளவுகளை எடுத்து, தயாரிப்பாளரின் அளவுத்தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பொதுவாக 3 மில்லிமீட்டர் வரைதான் வித்தியாசம் இருக்கலாம். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப் பிடித்துப் பார்ப்பது நீங்களே செய்யக்கூடிய சோதனை. (சில பழைய மாடல்களில் வடிவமைப்பிலேயே இரு பக்கமும் சமமாக இருக்காது, அதற்கும் அளவுத்தாள்தான் பதில்.) நான்கு சக்கர அலைன்மென்ட் ரிப்போர்ட்டும் நிறையச் சொல்லும். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், நக்கிள், ஸ்ட்ரட் எல்லாம் புதிதாகப் போட்டபின்னும் ஒரு பக்கக் கேம்பரோ காஸ்டரோ (சக்கரமும் அதன் திருப்பு அச்சும் சாயும் கோணங்கள்) அளவுக்குள் வரவில்லை என்றால், வளைந்தது பாகமல்ல, பாகம் உட்காரும் இடம்.

ஏர்பேக் வெடித்திருந்தால் கணக்கே மாறும். பையோடு சீட் பெல்ட்டை இழுக்கும் ப்ரீடென்ஷனர், மோதல் சென்சார், கன்ட்ரோல் யூனிட், சில கார்களில் டேஷ்போர்டே சேர்ந்து போகும். செலவை மிச்சம்பிடிக்க ஏர்பேக் வயரின் இணைப்பில் ஒரு ரெசிஸ்டரை (சிறிய மின்தடையை) மாட்டி, எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே துண்டித்திருக்கலாம். எரிந்து அணைந்தாலும் ரெசிஸ்டர் இல்லை என்று ஆகாது. ஆகவே பாகங்களின் பில்லையும், மாட்டும்போது எடுத்த படத்தையும் கேளுங்கள்.

பாடி தப்பியது என்றால் மட்டும் பணக்கணக்கு. விபத்துக்கு முன் மதிப்பு 100 என்று வையுங்கள். காரைக் கொடுத்தால் கைக்கு 100. வைத்துக்கொண்டால் உடைசல் மதிப்பை (அடிபட்ட நிலையில் காருக்குக் கிடைக்கும் விலையை) கழிப்பார்கள். அது 25 என்றால் கைக்கு 75. ரிப்பேருக்கு 60 போனால் மிச்சம் 15. அடிபட்ட கார் என்று தெரிந்தபின் அதற்கு விலை 65 என்றால் மொத்தம் 80. வீட்டுக்கு எடுத்துச் சென்றதில் 20 நஷ்டம். அதே கார் பழையது, அடி வெளித்தகட்டில் மட்டும், பழைய உதிரிபாகம் போட்டு 25-இல் ஓடவைக்கலாம் என்றால் கையில் 50 மிச்சம், காரும் உங்களிடம். சில வருடம் ஓட்டித் தேய்த்துவிடப் போகிறவருக்கு இது நல்ல பேரம். விற்க நினைப்பவருக்கு அவ்வளவாக இல்லை. பிரித்தபின் எஸ்டிமேட் ஏறுவது வழக்கம், அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் பதிவுப் புத்தகத்தில் 'உடைசல்' என்ற குறிப்பு ஏறுமா, ஏறினால் முழு இன்சூரன்ஸ் மறுபடி கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், பெயிண்டுக்கு முன் வெல்டுகளைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெல்ட் செய்த பெட்டிப் பகுதிகளுக்குள் துருத்தடுப்பு மெழுகு அடித்தார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். அடிக்காவிட்டால் உள்ளிருந்து துருப்பிடித்து, பெயிண்ட் கொப்புளிக்கும்போதுதான் வெளியே தெரியும். முன்கண்ணாடியில் கேமராவோ பம்பரில் ரேடாரோ இருந்தால் அவற்றுக்கு அளவுதிருத்தம் (கேலிப்ரேஷன்) கட்டாயம். டெலிவரி எடுக்கும்போது ஈரத்தரையில் நேராக ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று தடத்தைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் ஒரு பக்கம் விலகியே வந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

எலெக்ட்ரிக் கார் என்றால் தரைக்குக் கீழுள்ள பேட்டரிப் பெட்டியை முதலில் பாருங்கள். அதில் நசுங்கலோ விரிசலோ இருந்தால் நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். முடிவாகும்வரை வண்டியைக் கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள்.