வன்னெவர் புஷ் அவார்டுக்கு ஃபாரம் தேடுறவருக்கு

வன்னெவர் புஷ் அவார்டுக்கு அப்ளை பண்ண ஃபாரம் எங்கன்னு கேட்டிருந்தீங்க. தனியா ஃபாரம்னு ஒன்னும் கிடையாது பிரதர், அதான் எவ்ளோ தேடியும் கிடைக்கல. ஜேசிடிஎல்னு (JCDL) ஒரு டிஜிட்டல் லைப்ரரி ஆராய்ச்சி மாநாட்டுக்கு வர்ற கட்டுரைங்கள்லேர்ந்தே சிறந்தத எடுத்து குடுக்குற அவார்டு அது, மொதல்ல உங்க கட்டுரைய அங்க ஏத்துக்கணும்.

சுங்கை சிப்புட் பக்கம் பழைய எஸ்டேட் செக்ரோல் புக்க (தொழிலாளிங்க பேர், வேல நாள், சம்பளம் எழுதுற பதிவேடு) ஸ்கேன் பண்ணி வெப்சைட்ல போட்டதா எழுதியிருக்கீங்க, அருமையான வேலை லா, ஆனா அது ப்ராஜெக்ட், ஆராய்ச்சி வேற, இங்கதான் குழம்பியிருப்பீங்கன்னு நெனைக்கிறேன். கிராணி (எஸ்டேட் கிளார்க்) பென்சில்ல கிறுக்குன பேர கம்ப்யூட்டர் எங்க தப்பா படிக்குது, நீங்க என்ன மாத்துனீங்க, அதுக்கப்புறம் தப்பு எவ்ளோ கொறஞ்சிச்சுன்னு கணக்கு காட்டுனா அது ஆராய்ச்சி.

கட்டுரை சுருக்கத்துல எஸ்டேட் பேர அழிச்சிட்டு படிச்சு பாருங்க. வேற நாட்டு லைப்ரரிக்காரருக்கு அதுல எடுத்துக்க ஏதாச்சும் மிஞ்சுதா? மிஞ்சலன்னா ப்ராஜெக்டாவே அனுப்புங்க, டிஜிட்டல் ஆவணங்கள பாதுகாக்குறதுக்கான அமைப்பு டிஜிட்டல் பிரிசர்வேஷன் கோலிஷன், அவங்க 2004லேர்ந்து அவார்டு குடுக்குறாங்க.

ஆவணங்கள பாதுகாக்குறவங்களுக்கு குடுக்குற யுனெஸ்கோவோட ஜிக்ஜி பரிசு 30,000 அமெரிக்க டாலர், 2009ல நம்ம மலேசியாவோட தேசிய ஆவணக் காப்பகம் அர்கிப் நெகாராவே வாங்குச்சு, ஆனா நம்ம பேர நாமளே குடுக்க முடியாது, நாட்டோட யுனெஸ்கோ தேசிய கமிஷன் மாதிரி யாராச்சும் முன்மொழியணும்.

எதுக்கு அனுப்புனாலும் சாம்பிள் படத்துல ஐசி (அடையாள அட்டை) நம்பர், சம்பளம், கடன் இதெல்லாம் மறைச்சிடுங்க, அந்தத் தொழிலாளிங்களோட புள்ளைங்க இன்னும் அதே டவுன்லதான் இருப்பாங்க.