நாலரை லட்சம் ரூபாய் ரைஃபிள்: கூடுதல் விலைக்கு எத்தனை புள்ளி?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறாள். கிளப் ரைஃபிளில்தான் சுடுகிறாள். போன வருடம் மேட்சில் 571, இப்போது 596. சொந்த ரைஃபிள் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்கிறார் கோச். டீலர் இரண்டு மாடல் காட்டினார். வால்தர் எல்ஜி400 அலுடெக் 2.3 லட்சம், எல்ஜி500 ஐடெக் 4.5 லட்சம். வாங்குவதே வாங்குகிறோம், நல்லதாகவே வாங்கிவிடலாம் என்று மகளுக்கு ஆசை, எனக்கும்தான். எங்கள் இருவர் சம்பளம் சேர்த்து மாதம் 85,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 24,000. அதையும் சேர்த்து அவசியச் செலவு 55,000. மகளின் பயிற்சி, மற்ற செலவெல்லாம் போக 12,000 மிஞ்சும். எஃப்.டி.யில் 6 லட்சம் இருக்கிறது. அதில் 2.5 லட்சம் எடுத்து, மீதி 2 லட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? ககன் நாரங் வீட்டில் நிலத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள் என்று படித்திருக்கிறோம். நாங்கள் நகையைக்கூட வைக்கக் கூடாதா?
- வாசகர், மடிப்பாக்கம், சென்னை

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சொந்த ரைஃபிள் வாங்குங்கள். 2.3 லட்சத்தில் வாங்குங்கள். நகையைத் தொட வேண்டாம்.

ஏன் என்று சொல்லக் கொஞ்சம் மில்லிமீட்டர் கணக்குப் போட வேண்டும். இந்த விளையாட்டில் பணக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் நடுப்புள்ளி, அதாவது பத்து, வெறும் 0.5 மி.மீ. அகலம். பெல்லட், அதாவது ஈயக் குண்டு, 4.5 மி.மீ. அதன் ஓரம் நடுப்புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி விழுந்தால் 10.0. அதிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 புள்ளி கூடும் அல்லது குறையும். உச்சம் 10.9, அறுபது குண்டுக்கு 654. உங்கள் மகளின் 596 என்றால் குண்டுக்குச் சராசரி 9.93. அதாவது அவள் சுடும் பெல்லட் சராசரியாக மையத்திலிருந்து 2.7 மி.மீ. தள்ளி விழுகிறது.

இந்த 2.7இல் ரைஃபிளின் பங்கு எவ்வளவு, அவள் கை, கண், மூச்சு, நிற்கும் நிலையின் பங்கு எவ்வளவு? ரைஃபிளை இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, அதற்குப் பொருந்தும் பெல்லட்டால் சுட்டால், நல்ல மேட்ச் ரைஃபிள் எல்லாமே ஒரே ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கியது போலத்தான் சுடும். விலை கூடியதற்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். 2.3 லட்சம் ரைஃபிளின் சொந்தப் பிழை 0.7 மி.மீ., 4.5 லட்சத்தினுடையது 0.4 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இவ்வளவு வித்தியாசம்கூட இருக்காது என்பது என் கருத்து.

இந்தப் பிழையும் சுடுபவரின் பிழையும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன. பெரிய பிழை இருக்கும் இடத்தில் சின்னப் பிழை கரைந்துபோகும். கணக்குப் போட்டால், 596 அடிக்கும் ஒருவர் விலை கூடிய ரைஃபிளுக்கு மாறினால் கிடைப்பது குண்டுக்கு 0.025 புள்ளி. அறுபது குண்டுக்கும் சேர்த்து ஒன்றரைப் புள்ளி. அதற்குக் கூடுதல் விலை 2.2 லட்சம். ஒரு புள்ளி கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் ரூபாய்.

அதே பெண் கடந்த ஒரு வருடத்தில், பலர் கை மாறும் கிளப் ரைஃபிளில், 25 புள்ளி ஏறியிருக்கிறாள். அது பயிற்சியில் வந்தது.

அப்படியானால் விலை கூடிய ரைஃபிளை யாருமே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. இதே கணக்கை 630 அடிப்பவருக்குப் போட்டுப் பாருங்கள். அவர் பெல்லட் சராசரியாக 1.25 மி.மீ. தான் விலகுகிறது. அங்கே ரைஃபிளின் அதே 0.3 மி.மீ. வித்தியாசம் மூன்று புள்ளிக்கு மேல் தரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரமிதா ஜிண்டால் 631.5 அடித்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் 630.7 அடித்துப் பத்தாவது இடம், எட்டுப் பேருக்குள் வர முடியவில்லை. இருவருக்கும் நடுவே 0.8 புள்ளி. அந்த உயரத்தில் ஒரு புள்ளிக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பது நியாயமான செலவு. உங்கள் மகள் அங்கே போகலாம், போகட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். போனதும் வாங்குங்கள்.

ககன் நாரங் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் பிறந்ததே சென்னையில்தான். 2012 லண்டனில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினார். அந்தக் குடும்பத்தின் தியாகத்தைப் பற்றி எனக்கு மரியாதைதான் உண்டு. ஆனால் நிலத்தையும் நகையையும் விற்றுக் கருவி வாங்கி, பிள்ளை பிளஸ் டூவோடு விளையாட்டை விட்டுவிட்ட குடும்பங்களைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை. ஜெயித்தவர் கதையை மட்டும் வைத்து ஒரு வீட்டின் பணத்தைத் திட்டமிட முடியாது. உங்கள் மகளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, அப்புறம் பிளஸ் டூ. பயிற்சி நேரம் சுருங்கும் வருடங்கள் இவை. ஆசை குறைந்துவிடும் என்று சொல்லவில்லை. குறைந்தாலும் வீடு தாங்க வேண்டும்.

நகைக் கடனுக்கு வருவோம். 2 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் 2.2 லட்சம் வேண்டும். மாதம் மிஞ்சும் 12,000 ரூபாயை ஒரு ரூபாய் விடாமல் சேர்த்தாலும் 1.44 லட்சம்தான் ஆகும். மீதிக்கு என்ன செய்வீர்கள்? வட்டியை மட்டும் கட்டி மறுபடி அடகு வைப்பீர்கள். நகை வீடு திரும்ப இரண்டு வருடம் ஆகிவிடும். அந்த இரண்டு வருடமும் மகளுக்கு பெல்லட் வாங்கக்கூட யோசிப்பீர்கள். இது எனக்கு மிகவும் கவலை தரும் இடம். ஏனென்றால் பெல்லட்டில்தான் நீங்கள் ஏற்கெனவே கையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய பயிற்சிக் கணக்கைப் பார்த்தேன். வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 குண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டின், 500 பெல்லட், 1,400 ரூபாய். மேட்ச் என்பது 60 குண்டு, 75 நிமிடம். அதற்கு முன்னால் கணக்கில் சேராத சோதனைக் குண்டுகள் வேறு. 40 குண்டோடு பயிற்சியை நிறுத்திவிடும் பெண், மேட்சில் கடைசி இருபது குண்டை எப்போது பழகுவாள்? அவளுடைய ஸ்கோர் சீட்டுகளில் ஐந்தாவது, ஆறாவது சீரிஸில் (பத்துக் குண்டு ஒரு சீரிஸ்) புள்ளி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

இரண்டு ரைஃபிளுக்கும் உள்ள விலை வித்தியாசம் 2.2 லட்சத்தில் 157 டின் வாங்கலாம். 78,500 குண்டு. வாரம் 400 குண்டு சுட்டால்கூட மூன்றரை வருடத்துக்கு மேல் வரும். அந்தப் பணத்தில் 2 லட்சம் இப்போது உங்கள் கையில் இல்லைதான். ஆனால் கடன் வாங்கினால் அதைத் திருப்பிக் கட்டுவதும் இதே 12,000 ரூபாயிலிருந்துதான். கடனுக்குப் போகும் பணம் பெல்லட்டுக்குப் போகட்டும் என்கிறேன்.

சரி, கிளப் ரைஃபிளிலேயே தொடரலாமே, 2.3 லட்சமும் எதற்கு என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அந்தச் செலவுக்கு நான் ஆதரவு. கிளப் ரைஃபிளை ஒரு நாளில் நாலைந்து பேர் எடுப்பார்கள். ஒவ்வொருவரும் கன்னம் வைக்கும் கட்டையையும், தோளில் அணையும் பின்தட்டையும், குறிபார்க்கும் சைட்டையும் தனக்கேற்றபடி மாற்றுவார்கள். உங்கள் மகள் பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியை நேற்றைய நிலைக்குத் திரும்பவே செலவழிக்கிறாள். சொந்த ரைஃபிள் வந்தால் அது நிற்கும். அதைவிடப் பெரிய லாபம் வீட்டில் கிடைக்கும். பெல்லட் இல்லாமல் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து டிரிகரை மட்டும் இழுத்துப் பழகும் டிரை பயிற்சிக்குக் காசே ஆகாது. அலுடெக் போல அலுமினிய ஸ்டாக் (கன்னமும் தோளும் அணையும் உடல் பகுதி) உள்ள ரைஃபிளில் நீளம், உயரம் எல்லாம் திருகி மாற்றலாம் என்பதால் அவள் இன்னும் வளர்ந்தாலும் அதே ரைஃபிள் பொருந்தும். மின்னணு டிரிகர் போன்றவை விலை கூடிய மாடலின் கவர்ச்சி. கேட்கவும் தொடவும் நன்றாகத்தான் இருக்கும். இப்போதைய ஸ்கோருக்கு அவசியமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். ஜாக்கெட், பேன்ட், ஷூ. இரவல் ஜாக்கெட்டில் சுடுகிறாள் என்று பயிற்சிக் கணக்கோடு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நிற்கும் நிலையைத் தாங்குவது இந்த உடைதான். அடுத்தவர் அளவில் தைத்தது உதவாது. 40,000 ரூபாய் இதற்கு ஒதுக்குங்கள், இந்தியத் தயாரிப்பிலேயே அளவெடுத்துத் தைத்துத் தருகிறார்கள். வளரும் வயது என்பதால் இதில் விலை உயர்ந்த வெளிநாட்டு உடை வேண்டாம்.

ரைஃபிளும் உடையும் சேர்த்து 2.7 லட்சம். எஃப்.டி.யில் மீதி 3.3 லட்சம், உங்கள் அவசியச் செலவில் சரியாக ஆறு மாதத்துக்கு. அதற்குக் கீழே இறங்காதீர்கள். மாதம் மிஞ்சும் 12,000இல் 3,500 கூடுதல் பெல்லட்டுக்கு. 5,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்குங்கள், அது மேட்ச் பயணத்துக்கு மட்டும். டெல்லி கர்ணி சிங் ரேஞ்சுக்கோ போபாலுக்கோ ஒரு பெற்றோருடன் ரயிலில் போய், நாலைந்து நாள் தங்கி, நுழைவுக் கட்டணமும் கட்டினால் 25,000 முதல் 30,000 வரை ஆகும் என்பது என் மதிப்பீடு. வருடத்துக்கு இரண்டு பயணம் தாங்கும். மீதி 3,500 உங்கள் வழக்கமான சேமிப்பு.

செகண்ட்ஹேண்டும் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஏர் ரைஃபிளில் ஈயப் பெல்லட் விநாடிக்கு 170 மீட்டர் போல மெதுவாகத்தான் போகிறது, பேரல் அவ்வளவு சுலபத்தில் தேயாது. பார்க்க வேண்டியது காற்று சிலிண்டர். அதன் ஆயுள் 10 ஆண்டு என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, தேதி சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். தேதி கடந்ததை மேட்சில் ஏற்க மறுக்கலாம். புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் இரும்புப் பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் இதைத்தான் பார்ப்பார்.

மேலே போக எப்போது யோசிக்கலாம்? பயிற்சியில் அல்ல, மேட்சுகளில், தொடர்ந்து 615க்கு மேல் அடிக்கும்போது. அந்த நேரத்தில் வேறு வழிகளும் திறக்கும். தேசியப் போட்டியில் குறிப்பிட்ட ஸ்கோர் எடுத்தவர்களுக்கு இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தில் ‘ரினவுண்ட் ஷாட்’ என்ற தகுதி உண்டு. அந்தத் தகுதி உள்ளவர்கள் சுங்க வரிச் சலுகையில் இறக்குமதி செய்யலாம். நிபந்தனைகளை மாநிலச் சங்கத்தில் கேளுங்கள். 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வீரர்களுக்குக் கருவி, பயணச் செலவுகளுக்கு உதவுகிறது. மாநில அளவில் பதக்கம் வந்ததும் விண்ணப்பியுங்கள். இப்போதே கடன் வாங்கி முழு விலை கொடுத்துவிட்டால் இந்த உதவிகள் எதுவும் உங்களுக்குப் பயன்படாமல் போகும்.

செல்வமகள் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. பத்தாம் வகுப்பு முடித்த பிறகு அல்லது 18 வயதான பிறகு படிப்புக்காக மட்டுமே அதில் பாதி வரை எடுக்கலாம். அது கல்லூரிக்கு இருக்கட்டும்.

வாங்கப் போகும் நாளில் சில விஷயங்கள். 4.5 மி.மீ. அளவில், 20 ஜூலுக்குக் கீழ் சக்தி உள்ள ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஆனாலும் உரிமம் பெற்ற டீலரிடம் உங்கள் பெயரில் பில்லோடு வாங்குங்கள், பில்லில் ரைஃபிளின் வரிசை எண் இருக்கட்டும். தொழிற்சாலையில் அந்த ரைஃபிளைச் சுட்டுப் பார்த்த சோதனை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அந்த அட்டையையும் 4.5 லட்சம் ரைஃபிளின் அட்டையையும் மகள் கையில் கொடுத்து, இரண்டு ஓட்டைகளையும் அவளையே ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.